பேரன் பிரிக்கப்போகும் கடிதம்

சீன எழுத்தாளர் லியு சிசினின் ‘தி த்ரீ பாடி பிராப்ளம்’ நாவலில் ஒரு பெண் மலையுச்சியிலுள்ள ராணுவ நிலையத்தில் இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு யாருக்கும் தெரியாமல் அவள் விண்வெளிக்கு அனுப்பிய செய்திக்கு அன்றிரவு பதில் வருகிறது. எழுதியவர் அந்த வேற்றுலகத்தின் மனசாட்சியுள்ள ஓர் ஆள். இனி பேசாதீர்கள், இன்னொரு முறை பேசினால் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும், எங்கள் ஆட்கள் படையெடுத்து வந்துவிடுவார்கள் என்று எச்சரிக்கிறார். அந்தப் பெண், யே வென்ஜியே, அதை முழுவதும் படிக்கிறாள். படித்த பிறகும் வரச்சொல்லிப் பதில் அனுப்புகிறாள்.

ஏன் அனுப்பினாள் என்று தெரிய அவள் வீட்டுக்குள் போக வேண்டும். அப்பா இயற்பியல் பேராசிரியர். 1967இல், கலாச்சாரப் புரட்சியின் உச்சத்தில், அவரை மேடையேற்றிச் செங்காவலர் படை இளைஞர்கள் அடித்தே கொன்றார்கள். அதே மேடையில் நின்று அவருக்கு எதிராகப் பேசியவர் அவருடைய மனைவி. தங்கையோ செங்காவலர்களோடு சேர்ந்து போய், அவர்களுடைய கோஷ்டி மோதலிலேயே உயிரைவிட்டாள். இப்படிச் சிதறிப்போன ஒரு வீட்டின் மகள், மொத்த மனித குலத்தின் பெயரால் ஒற்றை ஆளாக ஒரு முடிவெடுக்கிறாள்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பக் கதையை முன்னுரையைப் போலக் கடந்து, மூன்று சூரியன்களுக்கு நடுவே தவிக்கும் வேற்றுலகத்தாரின் கோளுக்குப் போய்விடுகிறார்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நியரோடு முதல் தொடர்பு என்கிற விஷயத்துக்குள் குடும்பத்தையும் அதன் சண்டையையும் கொண்டுவந்தது கதாசிரியரின் விருப்பம் மட்டுமல்ல. ஒளியின் வேகமே அதைக் கட்டாயமாக்குகிறது.

கணக்கு எளிது. ஒளியும் ரேடியோ அலையும் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ‘சௌக்கியமா’ என்று கேட்டால் ‘சௌக்கியம்’ என்று பதில் வர எட்டரை ஆண்டுகள் ஆகும். கேட்ட அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும். இது பக்கத்து வீடு. ஏழு கோள்களோடு சுற்றும் டிராப்பிஸ்ட்-1 சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; அங்கே ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 80 ஆண்டுகள். தாத்தா எழுதும் கடிதத்துக்கு வரும் பதிலைப் பேரன் பிரித்துப் படிப்பான். தாத்தா என்ன கேட்டார், எந்த மனநிலையில் கேட்டார், அப்படிக் கேட்டது சரியா என்று அவனுக்குச் சொல்ல அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

தலைமுறை தாண்டுகிற எதையும் நாம் சொத்து என்கிறோம். வீடு, நிலம், கிணற்றுப் பாத்தியதை, கடன். சொத்து என்று வந்துவிட்டால் பங்காளிகள் வந்துவிடுவார்கள். பங்கு உள்ளவன் என்பதும், அதே பங்குக்காக வரப்பில் நின்று மல்லுக்கட்டுகிறவன் என்பதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. விண்மீன்களோடு பேசுவது இந்தச் சொல்லுக்குள் அப்படியே அடங்கும் காரியம்.

வானியலாளர் கார்ல் சேகன் இதை 1985லேயே உணர்ந்திருந்தார். அவருடைய ‘கான்டாக்ட்’ நாவலில் செய்தி வருவது 26 ஒளியாண்டு தொலைவிலுள்ள வேகா விண்மீனிலிருந்து. அங்கிருப்பவர்கள் நம்முடைய முதல் வலுவான தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பிடித்து, அதையே நமக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அது 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஹிட்லர் தொடங்கிவைத்த காட்சி. போக 26, வர 26 ஆண்டுகள். முந்தைய தலைமுறையின் அவமானம் அடுத்த தலைமுறையின் கையில் வந்து விழுகிறது. அனுப்பியவர்களுக்குத் தாங்கள் எதையும் அனுப்பினோம் என்றே தெரியாது. அதைப் பெறுகிற எல்லி, சிறுவயதில் இறந்த அப்பாவை எண்ணி ஏங்குகிறவள், அம்மா மறுமணம் செய்துகொண்ட மனிதரை மனதார வெறுக்கிறவள். விண்வெளியின் அந்தப் பக்கத்தில் வேற்றுயிர் அவள் அப்பாவின் உருவத்தில் வந்து பேசுகிறது. வீடு திரும்பிய பிறகு அம்மாவின் கடிதம் ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது: அவள் வெறுத்த அந்த மனிதர்தான் அவளைப் பெற்ற தகப்பன். நட்சத்திரத்திலிருந்து வந்ததைப் படித்துவிட்டவளால் சொந்த வீட்டில் எழுதியிருந்ததைப் படிக்க முடியாமல் போயிருக்கிறது. சேகனுடைய புத்தகத்தில் என்னை மிகவும் உலுக்கிய பக்கம் அதுதான்.

இவை கதைகள். நிஜத்தில் நடந்தது இன்னும் ஆழமானது.

1974 நவம்பர் 16. போர்ட்டோ ரிக்கோ தீவில், மலைகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த பள்ளத்தில் 305 மீட்டர் அகலத்துக்குக் கட்டப்பட்ட அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி. அதைப் புதுப்பித்து முடித்த விழா. விழாவின் ஒரு பகுதியாக, அங்கிருந்து எம் 13 என்னும் விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பப்பட்டது. கூடியிருந்தவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டது ஏறி இறங்கும் இரண்டே சுருதிகள், மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான நேரம். அந்த அலைவரிசையில் அந்தத் திசையிலிருந்து பார்ப்பவருக்கு, அந்தச் சில நிமிடங்கள் பூமி சூரியனைவிடப் பிரகாசமாகத் தெரிந்திருக்கும்.

அந்தச் செய்தியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மொத்தம் 1679 துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒன்று அல்லது பூஜ்யம். ஏன் 1679? அந்த எண்ணை 23, 73 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்கலாக மட்டுமே பிரிக்க முடியும். கணக்குத் தெரிந்த எவரும் துடிப்புகளை 23 பத்தி, 73 வரிசையாக அடுக்கிப் பார்ப்பார்கள் என்று செய்தியை வடிவமைத்த ஃபிராங்க் டிரேக் நம்பினார். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல அடுக்கினால் ஒரு படம் எழும். மேலே ஒன்று முதல் பத்து வரை எண்கள். அடுத்து ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ் ஆகிய தனிமங்களின் அணு எண்கள். பிறகு நம் மரபணுவின் முறுக்கேணி, அதன் கீழே ஒரு மனித உருவம், பக்கத்தில் அன்றைய உலக மக்கள்தொகை, சுமார் 430 கோடி. அதற்கும் கீழே சூரியனும் ஒன்பது கோள்களும். மூன்றாவது கோள் மட்டும் மனிதனை நோக்கி ஒரு படி உயர்ந்திருக்கும், ‘நாங்கள் இங்கே’ என்று காட்ட.

ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கடிதம் என்ன ஆயிற்று? மக்கள்தொகை 2022இல் 800 கோடியைத் தாண்டிவிட்டது. புளூட்டோ 2006இல் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அரெசிபோவின் மேல் தொங்கிய 900 டன் மேடை 2020 டிசம்பர் 1 காலையில் கம்பிவடங்கள் அறுந்து, கிண்ணத்தின் மேலேயே விழுந்தது. தொலைநோக்கி இன்று இல்லை. டிரேக் 2022 செப்டம்பரில் காலமானார். எழுதியவர் இல்லை, அனுப்பிய கருவி இல்லை, எழுதிய விவரங்களில் சில மாறிவிட்டன. எம் 13 இருப்பதோ சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில். கடிதம் இதுவரை கடந்தது பாதையில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. மீதி வழியெல்லாம் அது நம் பேரில் போய்க்கொண்டிருக்கும்.

அனுப்பலாமா என்று யாரைக் கேட்டார்கள்? உலகை யாரும் கேட்கவில்லை. வானியலாளர்களின் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே முதல் எதிர்ப்பு எழுந்தது. பிரிட்டனின் அரச வானியலாளர் மார்ட்டின் ரைல், இது ஆபத்தான காரியம் என்று கண்டித்து எழுதினார். கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடும் இருக்கலாம், பசியோடும் இருக்கலாம், நாம் இருக்குமிடத்தை ஏன் நாமே சொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி. 25,000 ஒளியாண்டு என்ற தொலைவை நினைத்தால் அந்தப் பயம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ரைலுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அவர் தலைமையில் இருந்த கேம்பிரிட்ஜ் வானியல் குழுவிலேயே சில வாரங்கள் இது நிஜமாக எழுந்திருந்தது.

அங்கே ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. வட அயர்லாந்துக்காரர், அப்போது 24 வயது. நாலரை ஏக்கர் வயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை நட்டு, மைல் கணக்கில் கம்பி இழுத்து, தொலைநோக்கியைக் கட்டிய குழுவில் சம்மட்டி பிடித்தவர். கட்டி முடித்ததும் அதை இயக்குவதும், அது துப்பும் வரைபடத் தாளைப் படிப்பதும் அவர் பொறுப்பு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 அடித் தாள். வானத்தை ஒருமுறை முழுமையாகப் பார்த்து முடிக்க நான்கு நாள், 400 அடி. அந்த 400 அடியில் ஏதோ ஓரிடத்தில் கால் அங்குல நீளத்துக்கு ஒரு கிறுக்கல். விண்மீன் மாதிரியும் இல்லை, வண்டிகளின் இரைச்சல் மாதிரியும் இல்லை. இதை முன்பும் வானத்தின் இதே பகுதியில் பார்த்தோமே என்று அவருக்கு நினைவு வந்தது. பழைய தாள்களை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். இருந்தது.

1967 நவம்பர் 28 அன்று வேகமாக ஓடும் பதிவுக் கருவியை வைத்துப் பார்த்தபோது கிறுக்கல் பிரிந்து துடிப்புகளாக விழுந்தது. 1.33 வினாடிக்கு ஒன்று, இம்மி பிசகாமல். அவ்வளவு ஒழுங்கு இயற்கையில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூயிஷ் முதலில் மனிதர் செய்த கருவியின் சத்தம் என்றே நினைத்தார். அது விண்மீன்களோடு சேர்ந்து நகர்ந்தது, எனவே பூமியிலிருந்து வருவதாக இருக்க முடியாது. அப்படியானால்? குழுவுக்குள் அதற்கு ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பாதி விளையாட்டு, பாதி உண்மையான கலக்கம்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருந்தது. பேருந்து ஹாரன் அடித்தபடி நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா, அதே விதிதான் இங்கும். துடிப்பை அனுப்புகிறவர்கள் ஒரு கோளில் குடியிருந்தால் அந்தக் கோள் தன் சூரியனைச் சுற்றும். நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்கும், விலகும்போது தள்ளிப்போகும். ஹியூயிஷ் வாரக்கணக்கில் அளந்தார். நெருக்கமும் விலகலும் தெரிந்தன. ஆனால் அவை முழுக்க பூமி சூரியனைச் சுற்றுவதால் வந்தவை. அந்தப் பக்கத்தில் எந்தச் சுற்றும் இல்லை.

கிறிஸ்துமசுக்குச் சற்று முன்பு பெல் வேறு ஏதோ கேட்க ஹியூயிஷின் அறைக்குப் போனார். அங்கே பெரியவர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இது ஒருவேளை வேற்றுயிர் என்றால் எப்படி அறிவிப்பது, யாரிடம் முதலில் சொல்வது என்று பேச்சு. கண்டுபிடித்தவர் தற்செயலாக உள்ளே நுழைந்த பிறகே அப்படி ஒரு பேச்சு நடப்பது அவருக்குத் தெரிகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு இப்படித்தான் நடக்கும். திண்ணையில் பெரியவர்கள் முடிவுசெய்துகொண்டிருப்பார்கள், பெண் காபி கொண்டு வரும்போது பேச்சு பாதியில் நிற்கும். பெல்லுக்கு அன்று எரிச்சல்தான் வந்திருக்கிறது. உதவித்தொகை முடிவதற்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய நேரத்தில் இந்த வேற்றுலகவாசிகள் என் தொலைநோக்கியையா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு அவர் மறுபடி தாள்களைப் புரட்டினார். வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு கிறுக்கல் இருந்தது. அந்தப் பகுதி தொலைநோக்கியின் மேலே வருவது நள்ளிரவு தாண்டி, விடியலுக்குச் சில மணி நேரம் முன்பு. கடுங்குளிரில் வயலுக்குப் போனார். குளிரில் கருவி சரியாக வேலை செய்யவில்லை. அதன்மேல் வாயால் ஊதி, திட்டி, எப்படியோ ஐந்து நிமிடம் ஓடவைத்தார். அந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. 1.2 வினாடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் விழுந்தன. வானத்தின் இரு வேறு மூலைகளிலிருந்து இரண்டு வெவ்வேறு கூட்டத்தார் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், இந்தச் சிறிய பூமியைக் கூப்பிட மாட்டார்கள். பச்சை மனிதர்கள் அந்த வயலில், அந்த இருட்டில் மறைந்துபோனார்கள். கிடைத்தவை பல்சார்கள்: பெருவிண்மீன் வெடித்த பிறகு எஞ்சிய, ஒரு நகரத்தின் அளவே உள்ள, அசுர வேகத்தில் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள். 1974இன் இயற்பியல் நோபல் பரிசு இதற்காக ஹியூயிஷுக்கும், ரேடியோ வானியல் பணிக்காக ரைலுக்கும் போனது. பெல்லுக்கு இல்லை. அந்த அறிவிப்பு வந்த அடுத்த மாதமே அரெசிபோ விழா. முதல் தொடர்பு நேர்ந்தால் கதவைத் திறப்பது யார், பேசுவது யார், பெயர் யாருக்கு என்ற மூன்றுக்கும் அந்த ஓர் ஆண்டு ஒரு மாதிரி.

பிறகு 1989இல் சர்வதேச விண்வெளியியல் அகாதமி ஓர் ஒழுங்குமுறையை வகுத்தது. சமிக்ஞை கிடைத்தால் முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு ஒளிக்காமல் உலகுக்குச் சொல்ல வேண்டும், சர்வதேச ஆலோசனை இல்லாமல் யாரும் பதில் அனுப்பக் கூடாது. 2010இல் அதைத் திருத்தியும் எழுதினார்கள். இது சட்டமல்ல, மீறினால் தண்டனை இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு: வந்த செய்திக்குப் பதில் எழுதுவதை அது கட்டுப்படுத்துகிறது, நாமாகக் கூவிக் கூப்பிடுவதை அல்ல. கேட்பது மட்டும் போதும் என்கிறவர்களும் அனுப்பியே தீர வேண்டும் என்கிறவர்களும் இன்று இரண்டு அணியாக நிற்கிறார்கள். இரண்டும் டிரேக், சேகன் காலத்துக் கூட்டத்திலிருந்து கிளைத்தவை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள், இப்போது ஒருவரை ஒருவர் பொறுப்பற்றவர், கோழை என்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். என் மனம் முதல் அணியின் பக்கம் சாய்கிறது. பயத்தினால் அல்ல. பிறக்காத பேரனின் கையெழுத்தை இன்று நாம் போட உரிமை இல்லை என்பதனால்.

வாயேஜர் விண்கலங்களில் 1977இல் அனுப்பிய, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள ஆங்கில வாழ்த்தைச் சொல்வது ஆறு வயதுச் சிறுவன் நிக் சேகன், கார்ல் சேகனின் மகன். வாழ்த்துகளைத் திரட்டியவர் அவன் அம்மா லிண்டா. அந்தத் தட்டை உருவாக்கிய மாதங்களிலேயே கார்லும் அதே குழுவிலிருந்த ஆன் ட்ரூயனும் ஒருவரையொருவர் மணப்பதென்று முடிவெடுத்தார்கள். காதலில் இருந்த ஆனின் மூளை அலைகளும் ஒலியாக அதே தட்டில் பதிவாகியிருக்கின்றன. உடைந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் சுவடுகள் ஒரே தட்டில் நட்சத்திரங்களுக்கிடையே போய்க்கொண்டிருக்கின்றன. நிக் வளர்ந்து அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆனார்.

அந்தத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. பட்டியலை முதன்முதலில் படித்தபோது என் கண் மேலிருந்து கீழாக இரண்டு முறை ஓடியது. பேசியவர்களில் பலர் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடைத்தவர்கள், பதிவுகள் அவசரத்தில் நடந்தவை. அக்காவும் தம்பியும் போட்டோவில் இருக்க, நாம் மட்டும் அன்று ஊரில் இல்லாமல் போன மாதிரி ஒரு வருத்தம். அது சின்ன வருத்தம்தான். ஆனால் பூமியின் சார்பில் பேசியது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி எழுமானால் அது எப்படி வலிக்கும் என்று அந்தப் பட்டியல் எனக்குக் காட்டியது.

2008 அக்டோபர் 9 அன்று கிரைமியாவின் எவ்பட்டோரியா நகருக்கருகே இருக்கும் 70 மீட்டர் ரேடியோ கிண்ணத்திலிருந்து இன்னொரு செய்தி கிளம்பியது. பீபோ என்ற சமூக வலைதளத்தில் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த 501 குறுஞ்செய்திகள், படங்கள். எழுதியவர்களில் பலர் இளையவர்கள். இலக்கு 20 ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள கிளீஸ் 581 விண்மீன். அங்கே உயிர் வாழத் தோதான கோள் இருக்கலாம் என்று அப்போது நம்பினார்கள். அப்படி நம்பப்பட்ட கோள்களில் ஒன்று, விண்மீனின் சொந்தச் சலனத்தால் வந்த பொய்த் தோற்றம் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே 2014இல் கிரைமியா ரஷ்யாவின் கைக்குப் போனது. உக்ரைன் அதை ஏற்கவில்லை. அனுப்பும்போது உக்ரைனின் முகவரியில் இருந்த அந்தக் கிண்ணம் எந்த வீட்டுக்குச் சொந்தம் என்பதில் இரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறது.

கடிதம் 2029இன் தொடக்கத்தில் கிளீஸ் 581 போய்ச் சேரும். அங்கே யாராவது இருந்து, அன்றே எழுதினால், பதில் 2049 வாக்கில் வரும். பதினைந்து வயதில் அந்தப் போட்டிக்கு ஒரு வரி எழுதிய பெண்ணுக்கு அப்போது ஐம்பத்தாறு வயதாகியிருக்கும். அவளுடைய பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி என்னதான் எழுதினாய் அம்மா என்று கேட்பார்கள்.